அழைப்பு எந்த வாசலில் நுழைகிறது? அலுவலகத் தொலைபேசியைப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலகத் தொலைபேசிப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்ட முடியுமா? சிலர் மேசைமேல் இருக்கும் தொலைபேசியைக் காட்டுவார்கள். சிலர் மாடிப்படிக்கு அடியில் சுவரில் மாட்டிய ஈபிஏபிஎக்ஸ் பெட்டியை, அதாவது அலுவலகத் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் பெட்டியைக் காட்டுவார்கள். இரண்டும் அந்த இடம் அல்ல. அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு கம்பியோ கண்ணாடி இழையோ வந்து முடியும் ஓர் இணைப்புப் புள்ளி இருக்கிறது. தொலைபேசி நிறுவனத்தின் பொறுப்பு அங்கே முடிந்து உங்கள் பொறுப்பு தொடங்குகிறது.

அதை அணுகுமுனை என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையில் நான் வாசல் என்றே சொல்கிறேன். வாசலுக்கு உள்ள குணங்கள் எல்லாம் அதற்கும் உண்டு. அதற்கு ஓர் அகலம் உண்டு, பூட்டு உண்டு, உள்ளே வருபவருக்கு ஒரு விதியும் வெளியே போகிறவருக்கு வேறு விதியும் உண்டு. அழைப்பு வரவில்லை, பாதியில் அறுந்தது, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, கட்டணம் எக்கச்சக்கமாக வந்துவிட்டது என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஏதோ ஒரு வாசலில்தான் இருந்தது.

பேசுவதற்கு வசதியாக ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் 25 பேர் வேலை செய்யும் தலைமை அலுவலகம், கும்பகோணத்தில் 5 பேர் இருக்கும் ஒரு கிளை. இந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி வழித்தடம் அமைக்க வேண்டும்.

உங்கள் வாசலுக்கு முன்னால் இருப்பவை

திருச்சியில் ஒரு வாடிக்கையாளர் கைப்பேசியில் உங்கள் சென்னை எண்ணை அழைக்கிறார். அழைப்பு அவர் ஊர்க் கோபுரத்திலிருந்து அவருடைய தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்துக்கு (எக்ஸ்சேஞ்ச்) போகிறது. எண்ணில் இருக்கும் 44 என்ற குறியைப் பார்த்து, இது சென்னை என்று அந்த இணைப்பகம் அறிகிறது. அடுத்த இலக்கங்களைப் பார்த்து, எந்த நிறுவனம் கொடுத்த எண் என்று கண்டுபிடிக்கிறது. இரண்டு நிறுவனங்களும் சந்திக்கும் ஓர் இடத்தில் அழைப்பு கைமாறுகிறது. துறையினர் அந்த இடத்தைப் ‘பிஓஐ’ என்பார்கள். அங்கிருந்து உங்களுக்கு லைன் கொடுத்த நிறுவனத்தின் இணைப்பகம், அதன் பிறகு தெருவில் ஓடும் இழை, கடைசியில் உங்கள் சுவர்.

இந்தக் கைமாற்றும் வாசல் குறுகலாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நாடே 2016இல் பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது, அதிலிருந்து மற்ற நிறுவனங்களின் எண்களுக்குப் போன அழைப்புகள் பெருமளவில் தோல்வியடைந்தன. நெரிசல் மிகுந்த நேரத்திலும் இந்தச் சந்திப்பில் 1000 அழைப்புகளுக்கு 5க்கு மேல் தோற்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் வரையறை. அந்த அளவைக் காக்கப் போதுமான இணைப்பு வசதி கொடுக்கவில்லை என்று கூறி, அக்டோபரில் மூன்று பழைய நிறுவனங்களுக்கு மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது. அந்த நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நமக்கு வேண்டாம். அழைத்தவரின் கைப்பேசி நன்றாக இருந்தது, அழைக்கப்பட்டவரின் கைப்பேசியும் நன்றாக இருந்தது, நடுவில் இருந்த வாசல் மட்டும் போதவில்லை. உங்கள் அலுவலகத்திலும் இது சிறிய அளவில் நடக்கும்.

முதல் படி: நடந்து பார்த்து வரையுங்கள்

எதையும் வாங்காதீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். தெருவிலிருந்து எந்தக் கம்பி உள்ளே வருகிறது, எந்தச் சுவரில் முடிகிறது, அங்கே என்ன பெட்டி இருக்கிறது, அந்தப் பெட்டிக்கு எந்த மின்செருகியிலிருந்து மின்சாரம் போகிறது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள். பழைய செப்புக் கம்பி லைனுக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வந்தது. ஊரே இருண்டாலும் கறுப்புத் தொலைபேசி மணி அடித்ததற்கு அதுவே காரணம். இன்றைக்கு இழையின் முனையில் இருக்கும் வெள்ளைப் பெட்டி, ரௌட்டர், சுவிட்ச், தொலைபேசி ஆகிய நான்குக்கும் உங்கள் கட்டடத்து மின்சாரம் வேண்டும். மூன்றுக்கு யுபிஎஸ் இருந்து ஒன்றுக்கு இல்லாவிட்டால், எதற்கும் இல்லை என்றே பொருள்.

ஒவ்வொரு வாசலுக்கும் நேராக மூன்று விவரங்களை எழுதுங்கள்: அதன் வழியே வரும் எண்கள், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் போகலாம், பழுதானால் எந்த எண்ணில் எந்த இணைப்பு அடையாளத்தைச் சொல்லிப் புகார் கொடுக்க வேண்டும். இணைப்பு அடையாளம் ரசீதில் இருக்கும். நள்ளிரவில் பழுதாகும்போது ரசீது கணக்காளரின் பூட்டிய அலமாரியில் இருக்கும். ஆகவே இப்போதே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: எந்த வகை வாசல் என்று அறியுங்கள்

சிறிய அலுவலகங்களில் நான்கு வகைகளைப் பார்க்கலாம்.

செப்புக் கம்பி லைன் மிகப் பழையது. ஒரு கம்பிச் சோடியில் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு மட்டுமே போகும். ஈபிஏபிஎக்ஸ் பெட்டியிலோ, ஒரு வகை லைனை இன்னொரு வகையோடு இணைக்கும் கேட்வே பெட்டியிலோ இதற்கு இரண்டு விதமான துளைகள் இருக்கும், புதியவர்கள் தவறுவது இங்கேதான். வெளி லைனை வாங்கிக்கொள்ளும் துளை எஃப்எக்ஸ்ஓ. சாதாரணத் தொலைபேசிக்கு மின்சாரமும் டயல் ஒலியும் கொடுக்கும் துளை எஃப்எக்ஸ்எஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எஃப்எக்ஸ்எஸ் துளையில் வெளி லைனைச் செருகினால் இரண்டு பக்கமும் மின்சாரத்தைத் தள்ளும். இணைப்பகத்திலிருந்து சுமார் 48 வோல்ட் வருகிறது, மணி அடிக்கும்போது அதைவிடக் கூடுதலாக வரும். பெட்டிக்குள் இருக்கும் மின்னணு அட்டை எரிந்துவிட வாய்ப்புண்டு. செருகுவதற்கு முன் துளையின் பெயரை வாய்விட்டுப் படியுங்கள்.

செப்பு லைனில் இன்னொரு தொல்லை. வெளியே பேசியவர் வைத்துவிட்ட பிறகும் உங்கள் பெட்டி அதை உணராமல் லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எதிர்முனை வைத்ததைப் பல பெட்டிகள் பிஸி ஒலியைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கின்றன. இந்திய பிஸி ஒலி 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலித்து முக்கால் நொடி நிற்கும். பெட்டி அமெரிக்க அமைப்பில் வந்திருந்தால் வேறு ஒலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும், அது ஒருபோதும் வராது. அமைப்புப் பக்கத்தில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் பல நேரங்களில் இவ்வளவுதான் வேலை. மாலைக்குள் எல்லா லைனும் பிஸியாகிவிடுகிறது, பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

பிஆர்ஐ என்பது ஒரே இணைப்பில் 30 பேச்சு வழிகளைக் கொண்டுவரும் வாசல். நொடிக்கு 2.048 மெகாபிட் வேகமுள்ள அந்த இணைப்பு 32 சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பங்கு ஒத்திசைவுக்கு, ஒரு பங்கு யார் யாரை அழைக்கிறார்கள் என்ற செய்திக்கு, மீதி முப்பதும் பேச்சுக்கு. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று கடிகாரம். இரு முனைகளும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும், அந்தத் தாளத்தை நிறுவனத்திடமிருந்துதான் உங்கள் பெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி தன் சொந்தத் தாளத்தில் ஓடினால் பேச்சில் இடையிடையே ‘டிக்’ ஒலி வரும், ஃபேக்ஸ் பாதியில் நிற்கும்.

மூன்றாவது எஸ்ஐபி டிரங்க், வாய்ப்பேச்சில் ‘சிப் டிரங்க்’. புதிதாகத் தொடங்கும் அலுவலகத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இது இணைய இணைப்பின் வழியே அழைப்புகளைக் கொண்டுவருகிறது. இங்கே துளை இல்லை, ஓர் ஐபி முகவரிதான் (வலையில் ஒரு கருவிக்கு உள்ள எண் முகவரி) வாசல். எத்தனை வழிகள் வேண்டுமோ அத்தனை வாங்கிக்கொள்ளலாம், பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ஒரு முனை ‘அழைக்கிறேன்’ என்று செய்தி அனுப்புகிறது, மறுமுனை ‘மணி அடிக்கிறது’ என்கிறது, பிறகு ‘எடுத்துவிட்டார்’ என்கிறது. பேச்சு அதன் பிறகு வேறொரு பாதையில் தனியாக ஓடுகிறது. செய்திக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை என்ற இந்தப் பிரிவை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது இது கைகொடுக்கும்.

நான்காவது சிம் அட்டை போடும் கேட்வே. செப்பும் இழையும் எட்டாத ஊர்களில் மாற்று வாசலாகப் பயன்படும். ஆனால் வெளிநாட்டு அழைப்புகளை இணையம் வழியாக வாங்கி, உள்ளூர் சிம் அட்டைகள் வழியாக விடுவது சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட யோசனையோடு யார் வந்தாலும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். கிளைகளுக்கு இடையே உங்கள் சொந்த இணைப்பில் வரும் பேச்சைப் பொதுத் தொலைபேசி வலையோடு கலப்பதற்கும் விதிகள் உண்டு. என்னென்ன அனுமதி என்று லைன் கொடுக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

மூன்றாம் படி: வாசலின் அகலம்

25 பேருக்கு எத்தனை பேச்சு வழிகள் வேண்டும்? 25 என்பது வீண் செலவு. சராசரியைக் கணக்கிட்டு அத்தனையே வாங்குவது அதைவிடப் பெரிய தவறு.

உங்கள் அலுவலகத்தில் காலை 11 முதல் 12 வரைதான் நெரிசல் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். மொத்தம் 180 நிமிடப் பேச்சு. அறுபதால் வகுத்தால் 3. சராசரியாக எந்த நொடியிலும் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அளவுக்குத்தான் எர்லாங் என்று பெயர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த டென்மார்க் கணிதவியலாளர் ஆக்னர் கிரருப் எர்லாங் 1917இல் வெளியிட்ட கணக்கை உலகம் இன்றும் பயன்படுத்துகிறது.

அந்தக் கணக்குப்படி, மூன்று எர்லாங் பேச்சுக்கு மூன்றே வழிகள் கொடுத்தால் அழைப்பவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பிஸி ஒலி கேட்கும். ஆறு வழிகள் கொடுத்தால் நூற்றில் ஐந்து பேருக்கு. எட்டு கொடுத்தால் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மனிதர்கள் வரிசையில் நின்று அழைப்பதில்லை, கொத்துக் கொத்தாக அழைக்கிறார்கள். அதனால்தான் சராசரிக்கும் தேவைக்கும் இவ்வளவு இடைவெளி. எட்டு வழிகள் வாங்குங்கள். கிளைக்கு இரண்டு போதும்.

எஸ்ஐபி என்றால் இணைய அகலத்தையும் பார்க்க வேண்டும். ஜி.711 என்ற கோடெக்கில் (பேச்சை இலக்கங்களாக மாற்றும் முறை) பேச்சு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட். அதன்மேல் சுற்றும் முகவரி உறைகளையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87. எட்டு அழைப்புக்கு 700 கிலோபிட் போதும் என்பது காகிதக் கணக்கு. உண்மையான இடைஞ்சல், பக்கத்து மேசைக்காரர் பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றும்போது வருகிறது. ரௌட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை கொடுங்கள். முடிந்தால் தொலைபேசிக்குத் தனி இணைப்பே வாங்குங்கள். கோடெக் தேர்வில் இந்தியாவில் ஜி.711இன் ஏ-லா வகையைத் தேர்ந்தெடுங்கள். மியூ-லா அமெரிக்காவிலும் ஜப்பானிலும் புழங்குவது.

நான்காம் படி: எண்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

வழித்தடம் என்பது ‘இந்த எண் வந்தால் இந்த வாசல்’ என்ற விதிகளின் பட்டியல். விதி எழுதுவதற்கு முன் எண் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். ஒரே கைப்பேசி எண்ணை ஒருவர் பத்து இலக்கமாக அழுத்துவார், ஒருவர் முன்னால் 0 சேர்ப்பார், ஒருவர் கூட்டல் குறியோடு 91 சேர்ப்பார். மூன்றையும் உள்ளே ஒன்றாக்கிவிட்டு, வாசலைத் தாண்டும்போது அந்த நிறுவனம் கேட்கும் வடிவத்துக்கு மாற்றி அனுப்புங்கள். நான் உள்ளே வைத்துக்கொள்வது 91இல் தொடங்கும் முழு வடிவம். உலக எண் முறைப்படி நாட்டுக்குறியையும் சேர்த்து ஓர் எண் 15 இலக்கங்களுக்கு மேல் போகாது.

இந்தியாவில் ஊர்க்குறியும் லைன் எண்ணும் சேர்ந்து எப்போதும் 10 இலக்கங்கள். சென்னைக்கு 44, அதன் பின் எட்டு. கும்பகோணத்துக்கு 435, அதன் பின் ஏழு. புதுக்கோட்டைக்கு 4322, அதன் பின் ஆறு. கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். இது தெரிந்தால் பாதி விதியை எழுதிவிடலாம்.

இப்போது பூஜ்யத்துக்கு வருவோம். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். நம் ஊர் ஈபிஏபிஎக்ஸ்களில் வெளி லைன் எடுப்பதற்கும் பெரும்பாலும் 0 தான். ஆக, ஊழியர் முதலில் 0 அழுத்தி லைன் எடுக்க வேண்டும், பிறகு இன்னொரு 0, அதன் பிறகு பத்து இலக்கங்கள். விதியைச் சரியாக எழுதாவிட்டால் இரண்டு பூஜ்யங்களும் வெளியே போய்விடும். 00 என்றால் வெளிநாடு. சென்னையில் பலரிடம் இருக்கும் 94440 வரிசைக் கைப்பேசிக்கு அப்படி அழைத்தால், இணைப்பகம் அதை 94 என்ற நாட்டுக்குறியாக, அதாவது இலங்கையாகப் படிக்கும். 98இல் தொடங்கும் எண் ஈரானாகிவிடும். ஊழியர்களைக் குற்றம் சொல்லாதீர்கள், அவர்கள் சரியாகத்தான் அழுத்தினார்கள். எஸ்ஐபி அமைப்பு வைத்திருந்தால் வெளி லைன் எடுக்கும் இலக்கத்தையே எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் அழுத்துவதுபோல அழுத்தட்டும், அமைப்பு புரிந்துகொள்ளட்டும்.

ஐந்தாம் படி: அவசர எண்கள், எல்லா விதிக்கும் மேலே

இதை மற்றப் படிகளைப்போல எண்ணி வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மார்ஷல் என்ற ஊரின் விடுதி அறை ஒன்றில் கேரி ஹண்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியில் அவசர எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு போகவே இல்லை. அந்த விடுதியில் வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். குழந்தைக்கு அது தெரியாது. அவள் தாத்தா நடத்திய நெடிய போராட்டத்தின் பலனாக 2018இல் அங்கே ‘கேரி சட்டம்’ நிறைவேறியது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு நிறுவப்படும், பல லைன்கள் கொண்ட தொலைபேசி அமைப்புகளில் 911ஐ எந்த முன்னிலக்கமும் இல்லாமல் நேரடியாக அழைக்க முடிய வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த விடுதியில் விதியை எழுதிய தொழில்நுட்பப் பணியாளர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார். என்னைப்போல, உங்களைப்போல ஒருவர்தான். எண் எப்படி அழுத்தப்படும் என்று யோசித்தார், எந்த நிலையில் அழுத்தப்படும் என்று யோசிக்கவில்லை.

ஆகவே உங்கள் அமைப்பில் முதல் விதியாக இதை எழுதுங்கள்: 112, 100, 101, 108, 1098 ஆகியவை எந்தத் தொலைபேசியிலிருந்தும், எந்த அனுமதிக் கட்டுப்பாடும் இல்லாமல், முன்னிலக்கத்தோடு அழுத்தினாலும் இல்லாமல் அழுத்தினாலும் வெளியே போக வேண்டும். வரவேற்பறைத் தொலைபேசி, காவலாளி அறைத் தொலைபேசி, சமையலறைத் தொலைபேசி எல்லாவற்றிலிருந்தும். ஊழியர்களின் தொலைபேசிகளுக்கு உள் எண்கள் (எக்ஸ்டென்ஷன்) கொடுக்கும்போது 100, 101, 108, 112 ஆகியவற்றை யாருக்கும் ஒதுக்காதீர்கள். பல அமைப்புகள் உள் எண் வரிசையை 100இல் தொடங்குவதால் இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது. 200இல் தொடங்குங்கள்.

கிளையைப் பற்றியும் யோசியுங்கள். கும்பகோணத் தொலைபேசிகள் சென்னை வாசல் வழியாக வெளியேறும்படி அமைத்தால், அங்கே ஒருவர் 100 அழுத்தும்போது அழைப்பு சென்னையிலிருந்து வந்ததாகவே காவல் துறைக்குத் தெரியும். கிளையில் ஒரு சாதாரண உள்ளூர் லைனாவது இருக்க வேண்டும், அவசர எண்கள் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிக்கனம் பார்க்கும் இடம் இது அல்ல.

ஆறாம் படி: வெளியே போகும் அழைப்பு, உள்ளே வரும் அழைப்பு

வெளியே போகும் விதிகளைக் குறுகலாக எழுதுங்கள். ‘எந்த எண்ணாக இருந்தாலும் இந்த வாசல்’ என்ற ஒற்றை விதி எழுதுவதற்கு எளிது, ஆபத்தும் அதில்தான். கைப்பேசிக்கு ஒரு விதி, தரைவழி எண்ணுக்கு ஒன்று, 1800இல் தொடங்கும் இலவச எண்ணுக்கு ஒன்று. வெளிநாட்டுக்கு விதியே வேண்டாம். யாருக்காவது தேவை என்றால், அவருடைய தொலைபேசிக்கு மட்டும், அவர் அழைக்கும் நாட்டுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

ஒவ்வொரு விதிக்கும் இரண்டாவது வாசல் ஒன்றைச் சொல்லிவையுங்கள். எஸ்ஐபி பதில் தராவிட்டால் சிம் கேட்வே, அல்லது பழைய செப்பு லைன். இரண்டாவது வாசல் வேறு நிறுவனத்தினுடையதாக, வேறு பாதையில் வருவதாக இருக்க வேண்டும். ஒரே கம்பத்தில் ஓடும் இரண்டு இழைகள், கம்பம் சாய்ந்தால் இரண்டும் போகும்.

உள்ளே வரும் பக்கத்தில் பைலட் எண் என்ற ஒரு பொது எண் இருக்கும், அதற்குக் கீழே நேரடி எண்கள் இருக்கும். பைலட் எண்ணுக்கு வரும் அழைப்பை வரவேற்பறையில் மனிதரே எடுத்தால் மிக நல்லது. பதிவுக் குரல் வைக்கத்தான் வேண்டும் என்றால் தமிழை முதலில் வையுங்கள், தேர்வுகள் நான்கைத் தாண்ட வேண்டாம், எதையும் அழுத்தாமல் காத்திருப்பவரை மனிதரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். வயதானவர்கள் பலர் அழுத்த மாட்டார்கள், காத்திருப்பார்கள். அவர்களின் அழைப்பைத் துண்டிக்கும் அமைப்பை நான் எவருக்கும் அமைத்துக் கொடுத்ததில்லை.

இரவு விதி தனியாக வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் எங்கே மணி அடிக்கும் என்று உங்களால் உடனே சொல்ல முடியாவிட்டால் விதி இன்னும் எழுதப்படவில்லை.

ஏழாம் படி: பூட்டு

இணையத்துக்குத் திறந்திருக்கும் எஸ்ஐபி அமைப்பைத் தானியங்கி நிரல்கள் விரைவிலேயே கண்டுபிடித்துவிடும். அவை எஸ்ஐபி செய்திகள் நுழையும் 5060 என்ற வாயில் எண்ணை (போர்ட்) தட்டிப் பார்க்கும். உள் எண் 201, கடவுச்சொல்லும் 201 என்று வைத்திருந்தால் உள்ளே வந்துவிடும். பிறகு உங்கள் வாசல் வழியாக, உங்கள் செலவில், கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் போகும். அந்த எண்களின் வருமானத்தில் பங்கு, நிரலை ஏவியவர்களுக்கு.

இது பெரும்பாலும் சனிக்கிழமை இரவில் தொடங்கும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் நடந்தது. ஒரு சோதனைக்காக நானே உருவாக்கிய உள் எண்ணை வேலை முடிந்ததும் நீக்க மறந்திருந்தேன். திங்கட்கிழமை காலை அழைப்புப் பதிவேட்டைத் திறந்தபோது, நான் பெயர்கூடக் கேட்டிராத தீவுகளின் நாட்டுக்குறிகள் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. அந்த நிறுவனத்தின் முதலாளி என்னைத் திட்டவில்லை, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார். அன்று அவருக்கு எழுதிக் கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

லைன் கொடுத்த நிறுவனத்தின் ஐபி முகவரியிலிருந்து வருவதை மட்டும், இணையத்திலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வாலில் அனுமதியுங்கள், மற்றதெல்லாம் மூடியிருக்கட்டும். வெளியூரில் இருக்கும் ஊழியர் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக வரட்டும். ஒவ்வொரு உள் எண்ணுக்கும் இயந்திரம் உருவாக்கிய நீண்ட கடவுச்சொல் கொடுங்கள். பெயரில்லா அழைப்பை ஏற்கும் வசதியை அணையுங்கள். வெளிநாட்டு அழைப்பை உங்கள் பெட்டியில் மூடுவதோடு நிற்காமல், லைன் கொடுத்த நிறுவனத்திடமும் எழுதிக் கொடுத்து அவர்கள் பக்கத்திலும் மூடச் சொல்லுங்கள். நாள் செலவுக்கு ஒரு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். சோதனைக்கு உருவாக்கியதை அன்றே நீக்குங்கள்.

எட்டாம் படி: சோதனை

வெளியிலிருந்து ஒரு கைப்பேசியில் அழைத்து, எடுத்து, இரு பக்கமும் கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், செய்திப் பாதை சரி, பேச்சுப் பாதை அடைபட்டிருக்கிறது. உங்கள் பெட்டி 192.168இல் தொடங்கும் தன் உள்முகவரியை வெளியே சொல்லிக்கொண்டிருக்கலாம். மறுமுனை அந்த முகவரிக்குப் பேச்சை அனுப்புகிறது, அது எங்கும் போய்ச் சேராது. பெட்டியில் வெளிமுகவரியை எழுதுங்கள், பேச்சுக்கான வாயில் எண்களை ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். ரௌட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதி இருந்தால் அணையுங்கள். உதவி செய்வதற்காக வைத்தது அது, பெரும்பாலும் முகவரிகளைக் குழப்பிவிடுகிறது.

அழைப்பே போகாவிட்டால் பதிவேட்டில் ஒரு மூன்றிலக்க எண் இருக்கும். 401 அல்லது 403 என்றால் பூட்டும் சாவியும் பொருந்தவில்லை. 404 என்றால் எண்ணின் வடிவம் தவறு, நான்காம் படிக்குத் திரும்புங்கள். 486 என்றால் எதிர்முனையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 503 என்றால் வாசலில் இடமில்லை, அல்லது அந்தப் பக்கச் சேவை நின்றிருக்கிறது. புகார் கொடுக்கும்போது இந்த எண்ணையும் அழைத்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் புகார் விரைவில் சரியான மேசைக்குப் போகும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முதன்மை மின்சாரத்தை அணையுங்கள். யுபிஎஸ்ஸில் எத்தனை நிமிடம் தொலைபேசி ஓடுகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். அடுத்து, எஸ்ஐபி இணைப்பின் கம்பியைப் பிடுங்கிவிட்டு வெளியே அழையுங்கள். இரண்டாவது வாசல் திறக்கிறதா? திறக்க எத்தனை நொடிகள்?

அவசர எண்ணை விளையாட்டாக அழுத்திப் பார்க்கக் கூடாது. ஓர் எண் எந்த வாசலில் வெளியேறும் என்று அழைக்காமலே காட்டும் வசதி உங்கள் அமைப்பில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு முறை அழைத்து, எடுத்தவுடன் ‘இங்கே யாருக்கும் ஆபத்து இல்லை, புதிய தொலைபேசியின் சோதனை அழைப்பு’ என்று சொல்லி, அழைப்பு எந்த ஊரிலிருந்து வந்ததாக அங்கே தெரிகிறது என்று கேட்டு, நன்றி சொல்லி வையுங்கள். கிளையிலிருந்தும் அதேபோல ஒரு முறை.

முதல் நாள் வரைந்த தாளில் இப்போது எல்லாம் நிரம்பியிருக்கும். தேதி போட்டு, தொலைபேசிப் பெட்டி இருக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுத வேண்டாம்.